வெள்ளை இறகு வெளிறாமல் இருக்க

கேள்வி: வேடந்தாங்கலில் எடுத்த வெண்கொக்குப் படங்களில் இறகே தெரியவில்லை, வெறும் வெள்ளைத் திட்டுதான். கேமராவில் கோளாறா?
– வாசகி, செங்கல்பட்டு

பதில்: கோளாறு இல்லை. பின்னால் நீர்க்கடம்பு மரங்கள் கருகருவென்று நிற்பதால், இருட்டு என்று கணக்கிட்டு கேமரா வெளிச்சத்தைக் கூட்டிவிடுகிறது. எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை (கேமரா கணக்கிட்ட வெளிச்சத்தை நாமே கூட்டிக் குறைக்கும் அமைப்பு) −0.7இல் தொடங்குங்கள், ஹைலைட் எச்சரிக்கை (அளவு மீறி வெளிறிய இடத்தைத் திரையில் காட்டுவது) இறகின் மேல் மினுக்கினால் −1.3 வரை இறக்கலாம். ‘ரா’ ஃபைலாக (கேமரா பதிந்ததைச் சுருக்காமல் அப்படியே வைக்கும் கோப்பு) எடுத்தால் இருண்ட பகுதிகளைப் பிறகு வெளிச்சமாக்கிக்கொள்ளலாம். முற்றிலும் வெளிறிய வெள்ளையை மீட்க முடியாது. வெளிறிய வானத்தின் எதிரே பறந்தால் நேர்மாறு: +0.7, ஷட்டர் வேகம் 1/2000 நொடி. காலை 8 மணிக்குள் முடித்துவிடுங்கள். பிறகு வெயில் கடுமையாகிவிடும்.

பறவை எழும்பட்டும் என்று கைதட்டவே கூடாது. தாய் கூட்டைவிட்டு எழுந்தால் காகம் முட்டையைத் தூக்கிவிடும். இறகு முளைக்காத குஞ்சு வெயில் தாங்காது.