கணத்தாக்குக்கும் உந்தத்துக்கும் ஒரே அலகு வருகிறதே, இரண்டும் ஒன்றுதானா? திசைவேகம் இதில் எங்கே வருகிறது?

நீங்கள் பிளஸ் ஒன் படிக்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். இரண்டும் ஒன்றில்லை. நிறையைத் திசைவேகத்தால் பெருக்கினால் உந்தம்; ஓடும் பொருளிடம் அப்போது இருப்பது. விசையை அது செயல்பட்ட நேரத்தால் பெருக்கினால் கணத்தாக்கு. அந்த உந்தம் எவ்வளவு மாறியது என்பது. வங்கிக் கணக்கில் இருப்பதும் ரூபாய், எடுப்பதும் ரூபாய் இல்லையா? அலகு ஒன்றாக வருவது அப்படித்தான்.

எனக்கு இது புரிந்தது செங்கல் சூளையில். கேரளத்தில், பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எங்கள் ஊர், அப்பா லோடு ஏற்றுபவர். ஒரு விடுமுறையில் நானும் போனேன். கீழிருந்து வீசும் கல்லை லாரி மேல் நின்று பிடித்து அடுக்க வேண்டும். கையை விறைப்பாக நீட்டிப் பிடித்ததில் மதியத்துக்குள் உள்ளங்கை கன்றிவிட்டது. "எதிர்த்துப் புடிக்காதே கண்ணு, கல்லு போற போக்குலயே கையக் கொண்டு போ" என்றார் அப்பா.

கல் 3 கிலோ, கைக்கு வரும்போது விநாடிக்கு 4 மீட்டர் என்று வையுங்கள். உந்தம் 12. அதை நிறுத்த வேண்டிய கணத்தாக்கும் 12 நியூட்டன் விநாடி, எப்படிப் பிடித்தாலும் அது குறையாது. ஆனால் 0.02 விநாடியில் நிறுத்தினால் சராசரி விசை 600 நியூட்டன், 0.2 விநாடி எடுத்துக்கொண்டால் 60தான். கல்லின் எடையைச் சேர்க்கவில்லையே என்று சிலர் வருவார்கள். கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று தெரிந்தேதான் விட்டேன். விசை மாறிக்கொண்டே இருக்குமே என்பவர்களுக்காகத்தான் 'சராசரி' என்று எழுதியிருக்கிறேன்.

இதையே வகுப்பில் கேட்டபோது, தமிழ் மீடியத்தில் படித்து வந்தவர்களுக்கு அடிப்படை போதாது என்று உட்கார வைத்துவிட்டார்கள். இன்னும் ஆறவில்லை. புத்தகம் ஆங்கிலம், விளக்கம் மலையாளம். உந்தம் அங்கே ஆக்கம், கணத்தாக்கு ஆவேகம், திசைவேகம் பிரவேகம். பின்னவை இரண்டும் என் காதில் ஒன்றாகவே விழுந்தன. நிறைக்குப் பிண்டம் என்றார்கள். எனக்குத் தெரிந்த பிண்டம் தாத்தாவுக்கு வைத்த சோற்றுருண்டை. மலையாளத்தைக் குறை சொல்லவில்லை, அது அந்தப் பிள்ளைகளின் தாய்மொழி. ஆனால் பத்தாம் வகுப்பில் எங்கள் தமிழ்ப் புத்தகம் ஓணப் பரீட்சை, அதாவது முதல் பருவத் தேர்வு, முடிந்த பிறகு வந்ததே, அதை யாரும் கேட்கவில்லை.

சரி, திசைவேகத்துக்கு வருகிறேன். அதில் திசை உண்டு. பந்து சுவரில் பட்டு அதே வேகத்தில் நேராகத் திரும்பினால் உந்த மாற்றம் சுழியல்ல, முதலில் இருந்த உந்தத்தைப் போல இரு மடங்கு. ஒரு திசையை மிகை (+) என்று முதலிலேயே குறித்துக்கொண்டு கணக்கைத் தொடங்குங்கள்.