ஈஸ்ட் போடாவிட்டால் அது 'புளிப்பில்லா ரொட்டி' ஆகிவிடுமா?

கேள்வி: பெருந்துறைப் பக்கம் வீட்டிலேயே சப்பாத்தியும், சோடா உப்புப் போட்ட கோதுமை பன்னும் செய்து கடைகளுக்குக் கொடுக்கிறோம். ஈஸ்ட் சேர்ப்பதில்லை. லேபிள் போட்டுத் தரும் ஏஜென்ட், "பன் பாக்கெட்ல 'புளிப்பில்லா ரொட்டி'ன்னு போட்டுக்கலாங்க்கா, சர்ச்சுக்குக்கூடக் கொடுக்கலாம்" என்கிறார். போடலாமா?

பதில்: பன்னுக்குப் போடாதீர்கள். சப்பாத்திக்குப் போட்டால் பொய்யில்லை, ஆனால் தேவையும் இல்லை. சப்பாத்தி என்றாலே அப்படித்தான் என்பது எல்லோருக்கும் தெரியும்.

குழப்பம் சொல்லில் இருக்கிறது. மாவு 'புளிச்சிருச்சு' என்போம், 'உப்பிருச்சு' என்றும் சொல்வோம். இட்லி மாவில் இரண்டும் சேர்ந்தே நடப்பதால் இரண்டையும் ஒன்றென்று நினைத்துவிடுகிறோம். ஆங்கிலத்தில் 'லெவன்ட்' என்றால் ஏதோ ஒன்றைச் சேர்த்து உப்ப வைத்தது. ஈஸ்ட் உப்ப வைத்தாலும் சோடா உப்ப வைத்தாலும் அதே பெயர்தான். பைபிளைத் தமிழாக்கியவர்கள் அதன் எதிர்ச்சொல்லைப் 'புளிப்பில்லா அப்பம்' என்றார்கள். அது சரியான சொல். பைபிள் காலத்தில் ரொட்டி மாவை உப்ப வைக்க முந்தைய நாளின் புளித்த மாவுதான் வழி. சோடா உப்பு அடுப்படிக்கு வந்தது 19ஆம் நூற்றாண்டில். உங்கள் பன் புளிக்கவில்லை, ஆனால் சோடாவால் உப்பியிருக்கிறது. 'புளிப்பில்லா' என்று படித்து வாங்குகிறவர் உப்ப வைக்க எதுவுமே சேர்க்கவில்லை என்று நம்பித்தான் வாங்குவார். சப்பாத்தி தணலில் எழும்புவது வெறும் நீராவியால். அது கணக்கில் சேராது.

சர்ச் விஷயத்தில் விளையாடவே கூடாது. ரோமன் கத்தோலிக்க லத்தீன் முறைத் திருப்பலிக்குக் கோதுமை மாவும் தண்ணீரும் மட்டும் சேர்ந்த, புளிக்காத, புதிதாகச் செய்த அப்பம்தான் ஆகும். சோடா பன்னை அங்கே கொடுக்கச் சொன்னவருக்கு உங்கள் பெயர் கெடுவதைப் பற்றிக் கவலையில்லை.

'ஈஸ்ட் இல்லை என்றால் புளிப்பில்லை' என்ற கணக்கும் தப்பு. ஊட்டி வர்க்கியைப் பாருங்கள். பழைய முறையில் அதற்குக் கடை ஈஸ்ட் கிடையாது, 'மாவா' என்று புளிக்க வைத்த மாவைச் சேர்த்துப் பிசைவார்கள். பாக்கெட் ஈஸ்ட் வாங்கவில்லைதான். ஆனால் காற்றிலும் மாவிலும் இருக்கும் ஈஸ்ட் தானாக வந்து குடியேறிவிடுகிறது. ஆகவே அது முழுக்க முழுக்கப் புளித்த பண்டம். உங்கள் வீட்டிலும் இது நடக்கும். சப்பாத்தி மாவை ராத்திரி பிசைந்து வெளியே வைத்துக் காலையில் தேய்த்தால், தொட்டுப் பார்த்தாலே பொதபொதவென்று இருக்கும், மோந்தால் லேசாகப் புளிவாடை வரும். யூதர்கள் தங்கள் பஸ்கா பண்டிகைக்குச் சுடும் புளிப்பில்லா ரொட்டிக்கு இதில் ரொம்பக் கறார். மாவில் தண்ணீர் பட்ட 18 நிமிடத்துக்குள் சுட்டு முடித்தாக வேண்டும், தாண்டினால் புளித்ததாகவே கணக்கு. உங்களுக்கு அந்தக் கெடு இல்லை. ஆனால் ராத்திரி வைத்த மாவில் சுட்டதைப் 'புளிக்காதது' என்று சொல்லி விற்காதீர்கள்.

இனி அந்த ஏஜென்ட் பற்றி. இவர்களில் பலர் ஆங்கில வாசகத்தைக் கம்ப்யூட்டரில் போட்டு, வந்த தமிழை அப்படியே அச்சுக்கு அனுப்புகிறார்கள். சோடா உப்பைப் 'புளிப்பு முகவர்' ('லெவனிங் ஏஜென்ட்' என்பதன் நேர் மொழிபெயர்ப்பு) என்று அச்சடித்த பாக்கெட்டை நானே கையில் வைத்துப் பார்த்திருக்கிறேன். ஈஸ்ட்டுக்கு 'நொதி' என்று போடுகிறவர்களும் உண்டு. நொதி என்பது என்சைம், ஈஸ்ட் ஓர் உயிர். கூடவே 'சர்க்கரை நோயாளிகளுக்கு ஏற்றது' என்று இலவசமாக ஒரு வரி சேர்த்துக் கொடுப்பார்கள். அதிகாரி வந்தால் பதில் சொல்ல வேண்டியது நீங்கள். ஏஜென்ட் போனையே எடுக்க மாட்டார். எஃப்எஸ்எஸ்ஏஐ (மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையம்) பதிவுக்கும் இவர்களிடம் போகாதீர்கள். அரசின் ஃபாஸ்காஸ் தளத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம். அதே சாயலில் தனியார் தளங்கள் நிறைய, முகவரியைப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

இதில் எனக்கு ஆறாத கோபம் ஒன்று உண்டு. சட்டப்படி லேபிள் விவரம் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருந்தாக வேண்டும். தமிழ் கூடுதலாகத்தான். செய்கிறவரும் தமிழ், வாங்குகிறவரும் தமிழ். பாக்கெட்டில் இருப்பதை எழுத நடுவில் ஒருவருக்குக் காசு கொடுக்கும்படி ஆக்கி வைத்திருக்கிறார்கள். ஏஜென்ட்களுக்குப் பிழைப்பு கிடைப்பதே இந்த இடத்தில்தான்.

பன் பாக்கெட்டில் 'கோதுமை பன், சமையல் சோடா சேர்த்தது' என்று போடுங்கள். வேண்டுமானால் 'ஈஸ்ட் சேர்க்கவில்லை' என்றும் சேர்க்கலாம், அது உண்மை. சேர்மானங்களை எடையில் அதிகமானது முதலாக எழுதுங்கள். ஆங்கில லேபிளில் சோடாவை 'ரெய்சிங் ஏஜென்ட்' (உப்ப வைக்கும் பொருள்) என்ற வகைப் பெயரோடு காட்டுங்கள். லேபிள் ரோலுக்கு ஆர்டர் போயிருந்தால் இன்றைக்கே போன் போட்டு நிறுத்தச் சொல்லுங்கள்.