சின்ன காரில் டர்போ: பெட்ரோல் கணக்கு சரியாக இருக்கிறதா? (கேள்வி பதில்)

டர்போ இல்லாமல் வந்த சின்ன பெட்ரோல் கார்களில் டர்போ (புகையின் வேகத்தில் சுழன்று எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் கருவி) மாட்ட நினைப்பவர்களின் கேள்விகள் இவை. பதில்கள் எல்லாம் போர்ட் இன்ஜெக்‌ஷன் எஞ்சின்களுக்கு (பெட்ரோல் சிலிண்டருக்கு வெளியே, காற்று வரும் வழியில் தெளிக்கப்படும் வகை) மட்டும்.

0.4 பார் பூஸ்ட்தான் வைக்கப் போகிறேன். காரோடு வந்த இன்ஜெக்டரே (பெட்ரோல் தெளிக்கும் வால்வு) போதும்தானே அண்ணா?

பெரும்பாலும் போதாது. 0.4 பார் பூஸ்ட் என்றால் வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு (சுமார் 1 பார்) மேல் டர்போ அவ்வளவு கூட்டுகிறது. உள்ளே போகும் காற்று கிட்டத்தட்ட 40 சதவீதம் வரை கூடும். 6000 ஆர்பிஎம்மில் நான்கு ஸ்ட்ரோக் சேர்ந்த ஒரு முழுச் சுழற்சிக்கு (கிராங்க் இரண்டு முறை சுற்ற) கிடைக்கும் நேரமே 20 மில்லிசெகண்ட். டர்போ இல்லாதபோதே இன்ஜெக்டர் 15 மில்லிசெகண்ட் திறந்திருந்தால், இனி 21 மில்லிசெகண்ட் திறக்கவேண்டும். இருப்பதே 20! பெட்ரோல் பற்றாக்குறையால் ஏறும் சூடு உங்களுக்குத் தெரியாது, பிஸ்டனுக்குத்தான் தெரியும்.

150 குதிரைத்திறன் இலக்கு. நான்கு சிலிண்டர். என்ன அளவு இன்ஜெக்டர் வாங்கலாம்?

டர்போ எஞ்சினுக்கு ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்குச் சுமார் 270 கிராம் பெட்ரோல் என்று வைத்துக்கொள்ளுங்கள். 150க்கு 40 கிலோ சொச்சம், அதாவது ஏறக்குறைய 55 லிட்டர். நிமிடத்துக்கு 910 சிசி. நான்காகப் பிரித்தால் 228. இன்ஜெக்டரைக் கிடைக்கும் நேரத்தில் 80 சதவீதத்துக்கு மேல் திறந்துவைக்கக் கூடாது என்பதால் 285 சிசி வரும். நானாக இருந்தால் 330 முதல் 350 சிசிக்குள் வாங்குவேன். அதற்கு மேல் போனால் ஐடிலில் (ஆக்சிலரேட்டர் மிதிக்காமல் எஞ்சின் சும்மா ஓடும்போது) தொல்லை.

பெரிய இன்ஜெக்டர் போட்டாச்சு. ஐடிலில் எஞ்சின் துள்ளுகிறது, பெட்ரோல் வாடை அடிக்கிறது.

புது இன்ஜெக்டரின் அளவை ஈசியூவில் (எஞ்சினை நடத்தும் கம்ப்யூட்டர்) மாற்றினீர்களா? அளவை மாற்றியிருந்தும் துள்ளினால் டெட் டைமைப் பாருங்கள். கரண்ட் வந்ததும் இன்ஜெக்டர் உடனே திறந்துவிடாது, ஏறத்தாழ ஒரு மில்லிசெகண்ட் எடுக்கும். பேட்டரி வோல்டேஜ் இறங்கினால் இன்னும் கூடும். ஐடிலில் மொத்தத் துடிப்பே இரண்டு மூன்று மில்லிசெகண்ட் என்பதால் இந்தச் சின்னத் தவறும் பெரிதாகத் தெரியும். ஹெட்லைட்டும் ஏசியும் போட்டால் துள்ளல் மாறுகிறதா? அப்படியானால் முதல் சந்தேகம் இதன்மேல்தான்.

பெட்ரோல் அழுத்தத்தை நிலையாக வைக்கும் ரெகுலேட்டர் டேங்குக்குள் இருக்கிறது, ரிட்டர்ன் லைன் (மிஞ்சிய பெட்ரோல் எஞ்சினிலிருந்து டேங்குக்குத் திரும்பும் குழாய்) கிடையாது. அப்படியே விடலாமா?

பலர் கவனிக்காமல் விடும் இடம் இது. ரெயிலில் (இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் தரும் குழாய்) 3 பார் நிலையாக நிற்கிறது. மேனிஃபோல்டில் (காற்று சிலிண்டர்களுக்குப் போகும் குழாய்) 0.5 பார் பூஸ்ட் ஏறினால் இன்ஜெக்டர் மூக்கில் எதிர்த்துத் தள்ளும் அழுத்தமும் அவ்வளவு கூடும். மிச்சம் 2.5 பார். பெட்ரோல் வரத்து சுமார் 9 சதவீதம் குறையும், அதுவும் அதிகம் தேவைப்படும் நேரம் பார்த்து. ஒன்று, ரிட்டர்ன் லைன் போட்டு மேனிஃபோல்ட் வேக்கம் குழாயோடு இணைந்த ரெகுலேட்டர் வையுங்கள்; பூஸ்டோடு ரெயில் அழுத்தமும் சேர்ந்து ஏறும். அல்லது இந்தக் குறைவை ஈசியூவின் பெட்ரோல் அட்டவணையில் ஈடுகட்டுங்கள். அழுத்தம் கூடக்கூட பம்ப் தரும் அளவு குறையும். பம்ப் வாங்கும்போது அதையும் பாருங்கள்.

பழைய மேப் சென்சாரே (மேனிஃபோல்ட் அழுத்தத்தை அளப்பது) இருக்கட்டுமா?

வேண்டாம். அது பெரும்பாலும் வெளிக்காற்றின் அழுத்தம் வரைதான் அளக்கும். பூஸ்ட் ஏறுவதே ஈசியூவுக்குத் தெரியாது. 2.5 பார் சென்சார் போடுங்கள்.

காரில் இருக்கும் ஆக்சிஜன் சென்சாரை வைத்தே டியூன் செய்ய முடியுமா சார்?

முடியாது. அது சாதாரண நாரோபேண்ட் வகையாக இருந்தால் காற்று-பெட்ரோல் விகிதம் 14.7-ஐ விட ரிச்சா (பெட்ரோல் அதிகமா), லீனா (பெட்ரோல் குறைவா) என்று மட்டும்தான் சொல்லும். பூஸ்டில் நமக்கு வேண்டியது 11.5 முதல் 12 வரை. 11.5 ஆனாலும் 13.5 ஆனாலும் அது "ரிச்" என்றே காட்டும். இரண்டுக்கும் நடுவில்தான் பிஸ்டனின் ஆயுள் இருக்கிறது. விகிதத்தை எண்ணாகவே காட்டும் வைட்பேண்ட் சென்சார் இல்லாமல் பூஸ்டில் கால் வைக்காதீர்கள். வேஸ்ட்கேட் (பூஸ்ட் அளவைக் கட்டுப்படுத்தும் வால்வு) ஸ்பிரிங் தரும் குறைந்த பூஸ்டில் தொடங்கி, டைனோவில் (கார் நின்ற இடத்திலேயே ஓட்டித் திறன் அளக்கும் இயந்திரம்) ஒவ்வொரு ஓட்டத்தையும் லாக் எடுத்து, அதாவது பதிவு செய்து, பாருங்கள். பூஸ்டில் இருக்கும்போது எண் 12.5-ஐத் தாண்டி ஏறினாலும், தட்டல் சத்தம் கேட்டாலும், உடனே ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுங்கள். அந்த ஓட்டத்தை முடிக்கவேண்டிய அவசியமே இல்லை.