வாசகர் கேள்வி - பதில்: இளவேனிலில் காட்டுக்குள் ஓடுகிறவர்கள்

கேள்வி: ஸ்காட்லாந்தில் இரண்டாம் ஆண்டு படிக்கும் என் மகள், மாணவர் மன்றத்தில் சேர்ந்து ‘ஓரியன்டீரிங்’ ஓடுகிறாள். ஈஸ்டர் விடுமுறைக்கு ஊருக்கு வரச் சொன்னால், “சீசனே அப்போதுதான் அப்பா” என்கிறாள். மே மாதம் தேர்வு வேறு இருக்கிறது. அந்தச் சில வாரங்களில் அப்படி என்னதான் இருக்கிறது?
- ஒரு வாசகர், திருச்சி

பதில்: காட்டுக்குள் ஆங்காங்கே தொங்கும் ஆரஞ்சு-வெள்ளைக் கொடிகளை வரைபடமும் திசைகாட்டியும் கொண்டு கொடுக்கப்பட்ட வரிசையிலேயே தேடிச் சென்று, விரலில் மாட்டிய மின்னணுச் சிப்பில் ஒவ்வொன்றையும் பதிந்துகொண்டு, குறைந்த நேரத்தில் முடிப்பதுதான் அந்த விளையாட்டு. புறப்படும் நொடியில்தான் வரைபடமே கைக்கு வரும். எந்த வழியாகப் போவது என்பது முழுக்க ஓடுகிறவரின் முடிவு.

ஈஸ்டரை ஒட்டி பிரிட்டனின் மிகப் பெரிய ஓரியன்டீரிங் விழாவான ‘ஜேகே’ நடக்கிறது. அந்நாட்டில் இந்த விளையாட்டு வேரூன்ற உழைத்து, 1967-இல் சாலை விபத்தில் உயிரிழந்த யான் செல்ஸ்ட்ரோம் (Jan Kjellström) என்ற ஸ்வீடன் இளைஞரின் நினைவாக நடப்பது அது. வழக்கமாக வெள்ளியன்று குறுந்தூரம், சனியன்று நடுத்தூரம், ஞாயிறன்று நெடுந்தூரம், திங்களன்று தொடரோட்டம் என நான்கு நாட்கள் நடக்கும். இன்னொரு காரணத்தைக் காடே வைத்திருக்கிறது. பிராக்கன் என்ற பெரணி குளிர்காலத்தில் பழுத்துச் சாய்ந்து தரையோடு கிடக்கும். கோடையில் அதுவே மார்பளவுக்கு எழுந்து, பாறையையும் பள்ளத்தையும் கொடியையும் சேர்த்து மூடிவிடும். ஆகவே பிரிட்டனின் பல காடுகளில் தங்குதடையின்றி ஓட முடிவது இளவேனில் முடியும்வரைதான். அந்த நான்கு நாட்களை உங்கள் மகளிடமிருந்து வாங்கிவிடாதீர்கள். தேர்வு முடிந்ததும் ஊருக்கு வரச் சொல்லுங்கள்.

கேள்வி: ஷெஃபீல்டில் முதுகலை படிக்கிறேன். குளிர்காலம் முழுவதும் வாரம் 60 கிலோமீட்டர் சாலையில் ஓடி வேகத்தைக் கூட்டினேன். ஆனால் மார்ச் மாதப் போட்டிகளில் முன்பைவிட அதிகமாக வழி தவறுகிறேன். பயிற்சியில் எதை மாற்ற வேண்டும்?
- ஒரு மாணவர்

பதில்: உங்கள் கால்கள் வேகம் பெற்றுவிட்டன, வரைபடத்தைப் படிக்கும் கண் சென்ற ஆண்டின் வேகத்திலேயே நிற்கிறது. 1:10,000 அளவு வரைபடத்தில் ஒரு சென்டிமீட்டர் என்பது தரையில் 100 மீட்டர். கிலோமீட்டருக்கு 6 நிமிட வேகத்தில் ஓடினால் அதை 36 நொடிகளில் கடந்துவிடுவீர்கள். அந்த 36 நொடிக்குள் அடுத்த சென்டிமீட்டரில் என்ன வரப்போகிறது என்பது மனத்தில் பதிந்திருக்க வேண்டும்.

மாணவப் பருவத்தில் எனக்கும் இதுவே நேர்ந்தது. ஒரு நடுத்தூரப் போட்டியில் ஏழாவது கொடி ஒரு சிறு பள்ளத்தாக்கின் மேல்முனையில் இருந்தது. நான் முழு வேகத்தில் இறங்கி, கொடியைக் கண்டு, சிப்பை நீட்டும் வேளையில் அந்தக் கொடியின் அடையாள எண்ணைப் பார்த்தேன்: 52. என் குறிப்பில் இருந்ததோ 57. பக்கத்திலேயே, அதே வடிவில் கிடந்த இன்னொரு பள்ளத்தாக்குக்குள் நுழைந்திருந்தேன். அங்கிருந்து மீள ஏழு நிமிடங்கள் பிடித்தன. குளிர்கால ஓட்டம் முழுவதும் எனக்கு ஈட்டித் தந்த நேரத்தைவிட அது அதிகம்.

எனவே ஏப்ரலில் கிலோமீட்டர் கணக்கைக் குறைத்து, வாரத்தில் இரண்டு நாட்களாவது காட்டுக்குள் செல்லுங்கள். அதில் ஒரு நாள், பாதையும் ஓடையும் நீக்கப்பட்டு, பழுப்பு நிறச் சம உயரக் கோடுகள் மட்டும் அச்சிட்ட வரைபடத்தோடு மெதுவாக ஓடுங்கள். முதலில் எரிச்சலூட்டும்; ஆனால் மேடும் பள்ளமும் கோடுகளாகவே கண்ணில் தெரியத் தொடங்குவது இந்தப் பயிற்சியால்தான். கொடிக்கு முன்பாக, தவறவே முடியாத ஓர் அடையாளத்தை, ஒரு பாதைச் சந்திப்பையோ பெரும்பாறையையோ தேர்ந்து, அதுவரை வேகமாகவும் அங்கிருந்து நிதானமாகவும் செல்லப் பழகுங்கள். கொடி ஓடைக்கரையில் இருந்தால் அதை நேராகக் குறிவைக்காமல், வேண்டுமென்றே சற்று இடப்புறம் குறிவைத்து ஓடையைத் தொடுங்கள். அப்போது வலப்புறம் திரும்ப வேண்டும் என்பதில் ஐயமே இராது.

போட்டி முடிந்த அன்றிரவே, ஒவ்வொரு கொடிக்கும் எடுத்த நேரத்தை வைத்துக்கொண்டு, எந்த நிமிடம் எங்கே போனது என்பதை வரைபடத்தின் மேலேயே எழுதி வையுங்கள். சீசன் தொடங்கியபின் இதைவிடப் பயனுள்ள பயிற்சி எனக்குத் தெரியாது.

கேள்வி: தனியாகக் காட்டுக்குள் ஓடும் பிள்ளைக்கு ஆபத்து இல்லையா?
- ஒரு தாய், நாகர்கோவில்

பதில்: பாதியில் விலகியவர் உட்பட ஒவ்வொருவரும் முடிவிடத்துக்கு வந்து சிப்பின் பதிவை ஒப்படைத்தே ஆக வேண்டும், வராதவரைத் தேடி ஆட்கள் புறப்படுவார்கள். அடிபட்டவரைக் கண்டால் போட்டியை விட்டு உதவுவது விதியாகவே இருக்கிறது. நிமிடத்துக்கு ஆறு முறை விசில் ஊதுவது உதவி கேட்கும் குறி என்பதால், விசிலை உடன் வைத்திருக்கச் சொல்லுங்கள்.

நான் அஞ்சுவது இளவேனிலில் விழித்தெழும் உண்ணிகளைத்தான். அவற்றின் கடியால் லைம் நோய் வரக்கூடும். கால்களை முழுதும் மூடும் உடையில் ஓடியிருந்தாலும், குளித்தபின் முழங்கால் மடிப்பு, இடுப்பு, அக்குள் ஆகிய இடங்களைப் பார்க்க வேண்டும். உண்ணி இருந்தால் கூரிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, நசுக்காமல் மெல்ல நேராக இழுக்க வேண்டும். அடுத்த சில வாரங்களில் அவ்விடத்தில் சிவப்புத் தடம் படர்ந்தாலோ காய்ச்சல் கண்டாலோ, உண்ணி கடித்ததைச் சொல்லியே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.