பேச்சு வராத குழந்தையை எதை வைத்துப் பரிசோதிப்பார்கள்?

கேள்வி: என் மகனுக்கு 2 வயது 4 மாதம். 32 வாரத்திலேயே பிறந்து இன்குபேட்டரில் இருந்தான். மஞ்சள் காமாலைக்கு லைட்டில் வைத்தார்கள். ஒன்றே முக்கால் வயதில்தான் நடந்தான். இதுவரை ஒரு வார்த்தைகூட வரவில்லை. ஏதாவது வேண்டுமென்றால் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவான். "அவங்க அப்பனும் மூணு வயசுலதான் பேசினான்" என்கிறார் மாமியார். ஒரு தெரபி சென்டரில் பத்து நிமிடம் பார்த்துவிட்டு, "ஆட்டிசம் மாதிரி இருக்கு, ஆறு மாச பேக்கேஜ் போட்டுக்குங்க" என்றார்கள். பேசாத குழந்தையை எப்படி டெஸ்ட் செய்ய முடியும்? படம் காட்டிப் பழக்கினால் பேச்சே வராது என்கிறார்களே, உண்மையா? ப்ளே ஸ்கூலில் வேறு, வீட்டில் இங்கிலீஷ் மட்டும் பேசச் சொல்கிறார்கள். நாங்கள் தமிழ், மாமியார் தெலுங்கு. என்ன செய்வது?
வாசகி, பெரம்பூர்

பதில்: ஆட்டிசமா இல்லையா என்பதைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். முதலில் காது.

"காலிங் பெல் அடிச்சா ஓடுறான் டாக்டர், சிப்ஸ் பாக்கெட் பிரிச்சா திரும்புறான்" என்று பெற்றோர் சொல்லாத நாளே இல்லை. அதை நம்பி காதைச் சரி என்று எழுத முடியாது. கதவு சாத்தும் சத்தமும் ஆட்டோ ஹாரனும் கேட்கும். பேச்சில் வரும் ஸ, ஷ போன்ற மெல்லிய ஒலிகள் மட்டும் கேட்காது. அப்படியும் குழந்தைகள் இருக்கிறார்கள். குறைமாதம், இன்குபேட்டர், மஞ்சள் காமாலை என்று உங்கள் மகனுக்குக் காரணங்களும் வரிசையாக இருக்கின்றன. டிஸ்சார்ஜ் சம்மரியில் 'ஓஏஇ பாஸ்' (ஓஏஇ என்பது ஒரு காதுச் சோதனை) என்று எழுதியிருந்தாலும் போதாது. அந்தச் சோதனை உட்காதின் செல்களை மட்டும்தான் பார்க்கும். அங்கிருந்து மூளைக்குப் போகும் நரம்புப் பாதையைப் பார்க்காது. கடுமையான மஞ்சள் காமாலை பாதிப்பது பெரும்பாலும் அந்தப் பாதையைத்தான். அதைப் பார்க்க பெரா டெஸ்ட் வேண்டும். தூங்க வைத்து, தலையில் சின்ன ஒயர்களை ஒட்டி எடுப்பார்கள். வலிக்காது. ஆனால் அன்று அவனைச் சீக்கிரமே எழுப்பிவிட்டு, போகும் வழியில் தூங்கவிடாமல் கூட்டிக்கொண்டு போங்கள். பஸ்ஸில் ஒரு தூக்கம் போட்டுவிட்டால் மருந்து கொடுத்தாலும் அங்கே தூங்காது, அப்பாயின்ட்மென்ட் வீணாகும். சளியால் நடுக்காதில் நீர் கோத்திருக்கிறதா என்று பார்க்கும் டிம்பனோமெட்ரியையும் சேர்த்தே முடித்துவிடுங்கள். குறைமாதக் குழந்தை என்பதால் கண் பரிசோதனையும் தேவை.

மாமியார் சொல்வதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. தாமதமாகப் பேசுவது சில குடும்பங்களில் உண்டுதான். ஆனால் அந்தக் குழந்தைகள் பேசாவிட்டாலும் எல்லாம் புரிந்துகொள்வார்கள், கை காட்டுவார்கள், தலையாட்டுவார்கள், டாட்டா சொல்வார்கள். இரண்டு வயதில் 'அம்மா வா', 'பால் வேணும்' என்று இரண்டு சொல் சேர்ந்து வர வேண்டும். முந்திப் பிறந்த வாரங்களை வயதிலிருந்து கழித்துப் பார்ப்பதும் இரண்டு வயது வரைதான். நடையும் தாமதம் என்பதால் இது பேச்சோடு மட்டும் நிற்கும் விஷயமாக எனக்குத் தெரியவில்லை. குழந்தை நல மருத்துவர் தசை இறுக்கம், கை கால் அசைவு எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். 'இன்னும் ஆறு மாதம் பார்ப்போம்' என்பது இங்கே பொருந்தாது.

இப்போது உங்கள் முதல் கேள்வி. நல்ல பரிசோதனையில், அவன் எத்தனை வார்த்தை சொல்கிறான் என்பது ஒரு சின்னப் பகுதிதான். தனக்கு வேண்டியதை இன்னொருவருக்கு எப்படித் தெரிவிக்கிறான், எதற்காகத் தெரிவிக்கிறான் என்பதைத்தான் நாங்கள் தேடுகிறோம்.

ஒரு உதாரணம். சோப்புக் குமிழி ஊதும் பாட்டிலை எடுத்து தெரபிஸ்ட் நாலு தடவை ஊதுவார். குழந்தை குதிக்கும். பிறகு மூடியை இறுக்கி மூடி, பாட்டிலைக் குழந்தை கையிலேயே கொடுத்துவிட்டுப் பேசாமல் இருப்பார். ஒரு குழந்தை பாட்டிலைக் கடிக்கும். இன்னொன்று தெரபிஸ்ட்டின் கையைப் பிடித்து மூடிமேல் வைக்கும், முகத்தைப் பார்க்காது. மற்றொன்று பாட்டிலை நீட்டி, அவர் கண்ணைப் பார்த்து "ம்ம்" என்று முனகும். நாலாவது ஒன்று, பறக்கும் குமிழியைக் கையால் காட்டிவிட்டு, அம்மா பார்க்கிறாளா என்று திரும்பிப் பார்க்கும். நாலுமே வார்த்தை சொல்லவில்லை. ஆனால் நாலும் நிற்பது நாலு இடங்களில். கடைசிக் குழந்தை எதையும் கேட்கவில்லை பாருங்கள், தன் சந்தோஷத்தைப் பங்கு போடுகிறது. ஆட்டிசமா என்று யோசிக்கும்போது நான் அதிகம் கவனிப்பது இதைத்தான்.

உங்கள் மகன் கையை இழுத்துப் போகும்போது, இடையில் உங்கள் முகத்தைப் பார்க்கிறானா என்று இன்றைக்கே கவனியுங்கள். புரிதலையும் சோதிக்க வேண்டும். பையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்று "ஷூ எடுத்துட்டு வா" என்றால் சூழ்நிலையை வைத்தே செய்துவிடுவான். ஹாலில் உட்கார்ந்தபடி, கையும் காட்டாமல், கண்ணாலும் காட்டாமல் அதையே சொன்னால் செய்கிறானா? புது இடத்தில் பாதிக் குழந்தைகள் அழுதே நேரத்தைக் கழித்துவிடும். அதனால் சாப்பாட்டு நேரம், குளியல், பாட்டியோடு விளையாடுவது என்று இரண்டிரண்டு நிமிட வீடியோக்களை போனில் எடுத்து வாருங்கள். எனக்கு அது பல சமயம் ரிப்போர்ட்டைவிட உதவும்.

ஆட்டிசத்துக்கான எம்-சாட் என்ற 20 கேள்விப் பட்டியல் 16 முதல் 30 மாதக் குழந்தைகளுக்கானது. உங்கள் மகனுக்கும் கேட்கலாம். ஆனால் அது சல்லடை மட்டுமே. காது கேட்காத குழந்தைக்கும், பொதுவாகவே வளர்ச்சி தாமதமான குழந்தைக்கும் அதில் சந்தேக மதிப்பெண் ஏறும். பத்து நிமிடத்தில் பெயர் சூட்டி, அடுத்த நிமிடம் பேக்கேஜ் சொன்ன சென்டருக்கு அவசரப்பட்டுப் பணம் கட்டாதீர்கள்.

படத்தைப் பற்றிய பயத்தை விட்டுவிடுங்கள். படம், சைகை, படத்தைத் தொட்டால் பேசும் ஆப் எதுவும் பேச்சைத் தடுப்பதாக ஆய்வுகளில் தெரியவில்லை. சில குழந்தைகளுக்குப் பேச்சு கொஞ்சம் கூடவும் செய்கிறது. வேண்டியதைச் சொல்ல வழி கிடைத்தால் அழுகையும் கடியும் குறைவதை வீட்டிலேயே பார்ப்பீர்கள். முப்பது பழங்களின் படம் போட்ட சார்ட் வாங்கி மாட்ட வேண்டாம். 'இன்னும்', 'போதும்', 'வேண்டாம்', 'திற', 'வா' என்று நாளெல்லாம் பயன்படும் ஐந்தாறு படம் போதும். முக்கியமானது, நீங்கள் பேசும்போது நீங்களே அதைத் தொட்டுக் காட்ட வேண்டும். "தோசை இன்னும் வேணுமா" என்று கேட்கும்போதே 'இன்னும்' படத்தில் உங்கள் விரல் இருக்கட்டும். அவன் தொட்டால்தான் தருவேன் என்று பரீட்சை வைக்காதீர்கள். பிறகு தேவைப்பட்டால் ஆவாஸ் போன்ற ஆப்கள் இருக்கின்றன. அது நம் சென்னையிலேயே உருவானது.

வீட்டில் "சொல்லு, சொல்லு", "இது என்ன, அது என்ன" இரண்டையும் நிறுத்துங்கள். கேள்விக்குப் பதிலாக, அவன் பார்ப்பதைப் பார்த்து ஒன்றிரண்டு வார்த்தையில் சொல்லுங்கள்: "பூனை", "பூனை ஓடுது". முறுக்கு டப்பா கண்ணுக்குத் தெரியட்டும், கைக்கு எட்ட வேண்டாம். அவன் உங்களிடம் வந்ததும் உடனே எடுத்துக் கொடுக்காமல் மனதுக்குள் பத்து எண்ணுங்கள். அம்மாக்களுக்கு இதுதான் கஷ்டம்; பிள்ளை மனதில் நினைப்பதற்கு முன்பே கையில் கொடுத்துப் பழகிவிட்டோம். ஒரு பார்வை, ஒரு முனகல், நீட்டிய கை எது வந்தாலும் பதிலாக எடுத்துக்கொண்டு "முறுக்கு! இந்தா" என்று கொடுத்துவிடுங்கள். சாப்பாட்டுக்கு போனைக் காட்டாதீர்கள். இந்த வயதில் திரை மொத்தமே நாளுக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. நாக்கில் வசம்பு தடவுவது, நாக்குக்கு அடியில் வெட்டிவிடுவது எதுவும் இதற்கு மருந்தல்ல. ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல் சிகிச்சை என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். பரிந்துரைக்கத் தக்கதல்ல என்று தேசிய மருத்துவ ஆணையமே 2022-இல் சொல்லிவிட்டது.

எங்கே போவது? உங்களுக்குப் பக்கம் எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனை. வளர்ச்சி தாமதமான சிறு குழந்தைகளைப் பார்க்கும் ஆரம்ப நிலை இடையீட்டு மையம் அங்கே இருக்கிறது, அதைக் கேட்டுப் போங்கள். முட்டுக்காட்டில் மத்திய அரசின் நிப்மெட் (பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கான தேசிய நிறுவனம்), கோட்டூர்புரத்தில் 1985-இலிருந்து இயங்கும் வித்யா சாகர் என்று வேறு இடங்களும் உண்டு. தனியாரிடம் போனால் தெரபிஸ்ட்டுக்கு இந்திய மறுவாழ்வு கவுன்சில் பதிவு எண் இருக்கிறதா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். உங்களை வெளியே உட்கார வைத்துக் கதவைச் சாத்தும் இடம் வேண்டாம். வாரத்தில் இரண்டு தடவை தெரபிஸ்ட் செய்வதைப் பார்த்து, மீதி நாளெல்லாம் செய்யப்போவது நீங்கள்தான். காதில் கடுமையான குறை என்று தெரிந்தால், 6 வயதுக்குள் காக்ளியர் இம்ப்ளான்ட் (உட்காதில் கேட்கும் கருவி பொருத்தும் ஆபரேஷன்) முதல்வர் காப்பீட்டுத் திட்டத்திலேயே செய்யலாம். ஆட்டிசம், மூளை முடக்குவாதம் போன்றவை உறுதியானால் மாற்றுத்திறனாளி சான்றிதழ் வாங்கி, மத்திய அரசின் நிராமயா மருத்துவக் காப்பீட்டில் சேருங்கள். ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும், தெரபிக்கும் உண்டு.

ப்ளே ஸ்கூல் சொன்ன யோசனையை ஏற்க வேண்டாம். இரண்டு மொழி கேட்பதால் பேச்சு தாமதமாவதில்லை. வளர்ச்சித் தாமதம் உள்ள குழந்தைகளுக்கும் இது பொருந்தும். உங்களுக்குச் சரளமாக வராத இங்கிலீஷில் "கம் ஹியர், சிட் டவுன்" என்று நாலு கட்டளைதான் வரும். கொஞ்சலும் கதையும் வராது. நீங்கள் தமிழிலேயே பேசுங்கள், பாட்டி தெலுங்கிலேயே பேசட்டும். இரண்டு பேரும் அதே 'இன்னும்' படத்தைத் தொட்டுக் காட்டினால் போதும். தெரபிஸ்ட்டிடம் போகும் முதல் நாள் பாட்டியையும் கூட்டிக்கொண்டு போங்கள். பகலில் அவனோடு அதிக நேரம் இருப்பவர் அவர் என்றால் கற்றுக்கொள்ள வேண்டியவரும் அவர்தான்.