சித்திரை வெயிலில் கோழிக்குஞ்சுக்குப் பல்ப் வேண்டுமா?

சாவகச்சேரித் தம்பி: அண்ணை, நேற்று அடைகாக்கும் மெஷினில் பொரித்த இருபது கோழிக்குஞ்சு. இந்த வெக்கையிலும் பல்ப் போட வேண்டுமா?

பொழுதுபட்டதும் போடுங்கள், வெயில் ஏறியதும் அணையுங்கள். முதல் கிழமை 32 முதல் 35 பாகை செல்சியஸ் வேண்டும். பிறகு கிழமைக்கு 3 பாகை குறைக்கலாம். தகரக் கூரைக்குக் கீழே மத்தியானச் சூடு இதைத் தாண்டிவிடும். விடியப்புறம்தான் குஞ்சுக்குக் குளிரும்.

பல்பைப் பெட்டியின் ஒரு பக்கத்தில் தொங்கவிடுங்கள். சுட்டால் மறுபக்கம் ஓட இடம் வேண்டும். ஒருமுறை நான் நடுவில் கட்டிவிட்டுக் கோயிலுக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தால் வாயைத் திறந்து, சிறகைத் தொங்கவிட்டு மூலையில் கிடந்தன. ஏழு செத்துவிட்டன. அந்தப் பெட்டி இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

பல்புக்குக் கீழே ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கத்தினால் குளிர். பரவலாகப் படுத்திருந்தால் சரி. சந்தேகமென்றால் ஒன்றைத் தூக்கி அதன் காலை உங்கள் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்றிருந்தால் சூடு போதவில்லை.

கோண்டாவில் அக்கா: எத்தனை வாட்ஸ்?

இருபது குஞ்சுக்கு 40 அல்லது 60 வாட்ஸ், பழைய இழை பல்ப். எல்ஈடி வேண்டாம், சூடு வராது.

நெல்லியடி: 9 வாட்ஸ் எல்ஈடி காணுமா?

காணாது. மேலே சொல்லியிருக்கிறேன்.

காரைநகர் ஐயா: என் அம்மம்மா பல்பா போட்டா? பேட்டுக்கோழிதானே வளர்த்தது!

உண்மை ஐயா. அடைக்கோழியை மிஞ்ச எந்தப் பல்பாலும் முடியாது. வெக்கையென்றால் அது எழுந்துவிடும், குஞ்சு தானாக வெளியே வரும். மெஷின் குஞ்சுக்குத் தாய் இல்லையே, அந்த வேலையை நாங்கள்தான் செய்ய வேண்டும்.

காரைநகர் ஐயா: கரண்ட் போனால்? நாங்கள் கடகத்தால், அதுதான் பனையோலைக் கூடையால், மூடி உள்ளே அரிக்கன் லாம்பு வைப்போம்.

மூடி வைக்காதீர்கள், ஐயா! புகை அடைக்கும், கீழே பரப்பிய உமியில் நெருப்புப் பிடிக்கும்.

காரைநகர் ஐயா: நாற்பது வருடமாக ஒன்றும் நடக்கவில்லை.

உங்கள் கை பழகிய கை. இதை வாசிக்கிற சின்னப் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். லாம்பு வெளியே, கம்பி வலைக்கு அந்தப் பக்கம் இருக்கட்டும். மேலே சாக்கைப் பாதிக்கு மட்டும் போடுங்கள்.

பருத்தித்துறைத் தங்கச்சி: பின்பக்கம் எச்சம் ஒட்டியிருக்கு.

இளஞ்சூட்டு நீரில் பஞ்சை நனைத்து ஊறவிட்டுத் துடையுங்கள். இழுத்தால் தோல் கிழியும். பெட்டிச் சூட்டையும் பாருங்கள்.

மானிப்பாய்: தடுப்பூசி எப்போது?

மிருக வைத்தியரிடம் கேளுங்கள்.

உடுவில்: எத்தனை வாட்ஸ் அண்ணை?

கோண்டாவில் அக்காவுக்குச் சொன்னதைப் பாருங்கள். வாட்ஸைக் கேட்கிற எல்லோரும் இன்றிரவு படுக்கமுன் பெட்டிக்குப் பக்கத்தில் பத்து நிமிடம் இருந்து, குஞ்சு எங்கே படுக்கிறது என்று பாருங்கள். குஞ்சு மூழ்காமல் தண்ணீர்ச் சட்டிக்குள் கூழாங்கல் போட்டீர்களா?