பாட்டியோட பன்னீர் செம்புல இருந்த தங்கத்த சுரண்டிட்டாங்க, கேஸ் போடலாமா?

ராயபுரத்துலேர்ந்து ஒரு மேடம் எழுதியிருக்காங்க. பாட்டி காலத்து பொஹீமியா (இப்போ செக் நாட்டுல இருக்கிற பகுதி) கண்ணாடி பன்னீர் செம்பு, கழுத்துல தங்கக் கோடு, உடம்புல கையால வரைஞ்ச ரோஜாப்பூ. தங்கம் அங்கங்க தேஞ்சுபோச்சுன்னு பாரிமுனை பக்கம் ஒரு கடையில குடுத்திருக்காங்க, விட்டுப்போன இடத்த மட்டும் டச்-அப் பண்றதா பேச்சு, 18,000 ரூபா, 8,000 அட்வான்ஸ். போய் பார்த்தா பழசு மொத்தத்தையும் சுரண்டிட்டு கோல்டு பெயிண்ட் அடிச்சு வச்சிருக்காங்க. மீதிய குடுத்தாதான் பொருள்ன்றாங்க, பில்லுல வேற 'சேதத்துக்கு கடை பொறுப்பல்ல'ன்னு இருக்காம்.

மேடம், அந்த பில் வரிய பார்த்து பயப்படாதீங்க. இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872, பிரிவு 151 படி, ரிப்பேருக்கு வாங்கின பொருள தன் சொந்தப் பொருள் மாதிரி பார்த்துக்கணும், ஒரு வரிய அச்சடிச்சு அதுலேர்ந்து தப்பிக்கிறது சுலபம் இல்ல.

ஆனா ஒண்ணு நல்லா புரிஞ்சுக்கோங்க, பெயிண்ட் அடிச்சத மட்டும் வச்சு கேஸ் நிக்காது. பழைய தங்கம் சூளையில 500, 600 டிகிரியில சுட்டு கண்ணாடியோட ஒட்டினது, இத்தன வருஷம் ஆன கண்ணாடிய மறுபடி சூளையில வச்சா விரிசல் விடலாம், அதனால சுடாமதான் செய்ய முடியும்னு கடைக்காரர் சொல்வார், அது நியாயமான பதில்தான். சுரண்டினதுக்குத்தான் அவர்கிட்ட பதில் இருக்காது. போன தங்கம் திரும்பி வராது, அத நினைச்சா எனக்கே வயிறு எரியுது.

அதனால சாட்சிய காப்பாத்துங்க. குடுக்கறதுக்கு முன்னாடி எடுத்த போட்டோ, பழைய கல்யாண ஆல்பத்துல அந்த செம்பு தெரிஞ்சா அதுவும், 'விட்டுப்போனத மட்டும்'னு பேசின வாட்ஸ்அப் மெசேஜ், எதையும் அழிக்காதீங்க. நெயில் பாலிஷ் ரிமூவர் தொட்டு துடைச்சு பார்க்கவே கூடாது, பெயிண்ட் வரும்தான், கூடவே பூவோட கலரும் மிச்சம் மீதி இருக்கிற பழைய தங்கமும் வந்துட்டா அப்புறம் யார் அழிச்சதுன்னு எப்படி நிரூபிப்பீங்க? பழம்பொருள் தெரிஞ்ச ஒருத்தர்கிட்ட காட்டி, பழசு எங்க சுரண்டியிருக்கு, மதிப்பு எவ்வளவு குறைஞ்சதுன்னு எழுத்துல வாங்குங்க. பாசத்துக்கு கோர்ட்ல விலை போட முடியாது, இந்த பேப்பருக்கு போடுவாங்க.

அதே ஒப்பந்தச் சட்டம் பிரிவு 170 படி பேசின வேலைய பேசினபடி செஞ்சவருக்குத்தான் கூலிக்காக பொருள பிடிச்சு வைக்கிற உரிமை. ஆனாலும் செம்பு அங்கேயே இருந்தா இன்னும் என்ன ஆகுமோ, அதனால 'ஆட்சேபணையோட கட்டுறேன், என் உரிமைய விட்டுக்கொடுக்கல'ன்னு எழுதி கையெழுத்து வாங்கிட்டு, மீதிய கட்டி எடுத்துட்டு வந்துடுங்கன்னுதான் நான் சொல்வேன். போலீசுக்கு போனா சிவில் மேட்டர்னு திருப்பி அனுப்புவாங்க.

அப்புறம் ஸ்பீடு போஸ்ட்ல நோட்டீஸ் விடுங்க. பதில் வரலைன்னா நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 படி சேவைக் குறைபாடுன்னு வட சென்னை மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல புகார் போடலாம், ஆன்லைன்லயும் போடலாம், உங்க தொகைக்கு ஃபீஸ் கிடையாது, 2 வருஷத்துக்குள்ள போட்டாகணும்.

லண்டன்ல இருக்கிற பையன்கிட்ட அனுப்பி அங்க சரி பண்ணலாமான்னு கேட்டிருக்கீங்க. 100 வருஷம் தாண்டின பொருளா இருந்தா 1972 தொல்பொருள் சட்டப்படி தனி ஆள் வெளிநாட்டுக்கு அனுப்பவே கூடாது, வயச தொல்லியல் துறையில உறுதி பண்ணாம பார்சல் கட்டிடாதீங்க.